கோத்தகிரிச் சுவரில் இரண்டு தடவை வரைந்த படம்

போன வருடம் நவம்பரில் ஒரு காலை, நான் வரைந்த வானத்துக்கு அம்மை போட்டிருந்தது. நீலம் முழுக்கக் கொப்புளம். சில கொப்புளம் மிளகளவு, சிலது உள்ளங்கையளவு. பெரியதாக ஒன்றை நகத்தால் கிள்ளினேன். பெயின்ட் தோல் பலூன் மாதிரி கிழிந்து, உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை ஓடியது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். லேசாகக் கரித்தது. போர்டு எழுதும் அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம் இது, எதையும் தொட்டு நக்கிப் பார்ப்பது. ஆனால் அந்தக் கரிப்புதான் விஷயத்தைச் சொன்னது. மழைத் தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே போகவில்லை. மலைக்குள் இருந்த தண்ணீர் சிமெண்டின் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வர வழி தேடுகிறது, என் படம் அதன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது.

சுவர் கோத்தகிரியிலிருந்து கீழே இறங்கும் ஒரு கிளைச் சாலையில் இருக்கிறது. கருங்கல் தடுப்புச்சுவர், முகத்தில் சிமெண்ட் பூச்சு. 58 அடி நீளம், 9 அடி உயரம். கோடை விழாவுக்கு மேலே வருகிறவர்கள் பார்க்கும்படி ஏதாவது வரைந்து கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் அதற்குமுன் செய்ததெல்லாம் கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்துச் சுவர்கள். அங்கே சுவர் என்றால் இரண்டு பக்கமும் காற்று. வெயில்தான் எதிரி, அதற்கு மருந்து கடையில் டப்பாவில் கிடைக்கும். சென்னை கண்ணகி நகரில் 2020-ல் குடியிருப்புச் சுவர்களையே பெரிய பெரிய படங்களாக்கியபோது போய்ப் பார்த்து மலைத்து நின்றிருக்கிறேன். அந்த மயக்கத்தோடு மலைக்குத் திரும்பி வந்ததுதான் தப்பு. இங்கே தடுப்புச்சுவருக்கு ஒரே முகம்தான். பின்னால் முழுக்க மண், மண்ணுக்குள் தண்ணீர்.

தப்பில் பெரிய பங்கும் என்னுடையதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் தண்ணி ஓட்டைகள் இரண்டு வரிசை. கீழே பத்து, நெஞ்சு உயரத்தில் ஒன்பது. மேல் வரிசை ஒன்பதும் சரியாகப் படத்தின் நடுவில் வந்தன. மலை ரயில் பெட்டிக்கு ஒரு ஓட்டை, வரையாட்டின் வயிற்றுக்கு ஒரு ஓட்டை. கொத்தனார் அண்ணனிடம் அடைத்துத் தரச் சொன்னேன்.

"ஏம்மா, அது ஓட்டையில்ல, மலைக்கு மூக்கு. அடைச்சா கோவிச்சுக்கும்" என்றார்.

"கீழ பத்து இருக்கில்லண்ணே."

அவர் மறுபேச்சுப் பேசாமல் கலவையைக் குழைத்தார். மலைக்காரர்கள் மறுபேச்சுப் பேசாமல் வேலை செய்தால் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நானும் இந்த ஊர்க்காரிதானே. செப்டம்பரில் பதினெட்டு நாளில் படம் முடிந்தது. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையிலேயே நனைந்துவிடும். கோத்தகிரி கிழக்குச் சரிவு. எங்களுக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபருக்கு மேல். அதாவது மலை வயிறு முட்டக் குடிக்கப் போகிற நேரம் பார்த்து நான் அதன் மூக்கை அடைத்திருக்கிறேன்.

தடுப்புச்சுவர் கட்டுகிறவர்கள் ஓட்டை விடுவது அழகுக்கு அல்ல. மண் நனைந்தால் எடை கூடும், தண்ணீர் வெளியேறாவிட்டால் அந்த எடையோடு தண்ணீரின் தள்ளும் விசையும் சேர்ந்துகொள்ளும். 2009 நவம்பரில் இந்த மாவட்டம் மண்சரிவில் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். படம் போனது போகட்டும், அந்த ஒன்பதை உடனே திறக்க வேண்டும் என்று அன்றைக்கே ஓடினேன்.

கொத்தனார் அண்ணன் "நான் சொன்னேனில்ல" என்று சொல்லவில்லை. சுத்தியும் உளியும் எடுத்துக்கொண்டு வந்தார். முதல் ஓட்டையை உடைத்ததும் சாயம் போட்ட மாதிரி செம்மண் தண்ணீர், ஒரு பாகு இழுவையோடு, ரயில் எஞ்சின் மேலேயே வழிந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் தெளிந்தது. ஒவ்வொன்றிலும் மூன்று அங்குல பிவிசி பைப், உள்பக்க வாயில் வலை கட்டி, வெளிப்பக்கம் சாய்வாக, சுவரைவிட்டு மூன்று அங்குலம் நீட்டி வைத்தோம். நீட்டிவிட்டால் தண்ணீர் சுவரைத் தொடாமல் சாக்கடையில் விழும் என்பது என் கணக்கு. பலமாக வரும் நாளில் அப்படித்தான் விழுகிறது. மெல்லச் சொட்டும் நாளில் அது பைப்பின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து சுவருக்கே திரும்பி வருகிறது. பைப்பின் கீழ் உதட்டை ரம்பத்தால் சாய்த்து வெட்டிப் பார்த்தேன். பாதி குறைந்தது, பாதி குறையவில்லை. டிசம்பர் முடிவதற்குள் ஒன்பது பைப்புக்குக் கீழேயும் ஒன்பது கறுத்த கோடுகள்.

அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு எதிர்க்கடையில் டீ குடித்த நாட்கள் நிறைய. கடைக்கார அக்கா ஒரு நாள், "ஏன் மொறச்சிப் பாக்குற, மரம் மாதிரிதான இருக்கு" என்றார். நாலு வருடம் படித்துவிட்டு வந்த எனக்குத் தோன்றாதது, பால் ஆற்றிக்கொண்டே அவர் வாயிலிருந்து வந்தது. சோலை மரத்தின் அடிமரம் எப்போதும் ஈரம்தான். பாசி, கற்பாசி, பெரணி எல்லாம் அதன் மேலேயே குடியிருக்கும். ஒன்பது கோடு, ஒன்பது மரம். பைப் வாய் மரப்பொந்து. பாசி பிடித்தால் பிடிக்கட்டும், மரத்துக்கு வயதாகிறது என்று விட்டுவிடலாம்.

பழைய படத்திலிருந்த ரயிலும் வரையாடும் அப்படியே போயின. உண்மையைச் சொன்னால் பெரிய வருத்தமில்லை. நீலகிரியில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அந்த ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இன்னொன்றும் போனது. படத்தின் அடியில் தொதவர் (தோடர் பழங்குடி) பூவேலை மாதிரி சிவப்பு, கறுப்பில் ஒரு கரை ஓட்டியிருந்தேன். பஸ்ஸுக்கு நின்ற ஒரு தொதவ அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாங்க நூல எண்ணி எண்ணிப் போடுறது. நீங்க பிரஷ்ல இழுத்துட்டுப் போயிட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பூவேலைக்கு 2013-லேயே புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறார்கள். அனுமதி தருவீர்களா என்று கேட்டேன். தான் ஒருத்தி சொல்ல முடியாது, மந்தில், அதாவது தங்கள் குடியிருப்பில், கேட்க வேண்டும் என்றார். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது, வரைந்த பிறகு கேட்பதில் என்ன மரியாதை? கரையைச் சுரண்டி எடுத்துவிட்டேன், இரண்டாவது படத்தில் அது இல்லை.

சுரண்டலைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கை வலிக்கும். எக்ஸ்டீரியர் எமல்ஷன் என்பது உலர்ந்ததும் மெல்லிய பிளாஸ்டிக் தோல். அந்தத் தோல் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அடுத்துப் போடுவது பிடிக்காது. பட்டித் தகடு, கம்பி பிரஷ், உப்புத்தாள், நான், எனக்கு உதவிக்கு வந்த ஒரு பையன். பன்னிரண்டு நாள். தட்டிப் பார்த்து டொக்கென்று சத்தம் வந்த இடங்களில் பூச்சையே பெயர்த்தோம். வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கரைந்து திரும்ப உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்த பிரஷ்ஷால் பெருக்கி அள்ள வேண்டும். ஹார்டுவேர் கடையில் ஆசிட் போடச் சொன்னார்கள். மூலையில் ஒரு சாண் இடத்தில் போட்டுப் பார்த்தேன். நுரைத்தது, பளிச்சென்று ஆனது, ஒரு வாரத்தில் அந்த இடம் மட்டும் எப்போதும் ஈரமாக இருந்தது. ஆசிட்டும் சுண்ணமும் சேர்ந்து உண்டாகும் கால்சியம் குளோரைடு, காற்றிலிருக்கும் ஈரத்தையே இழுத்து வைத்துக்கொள்ளும். மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கும் ஊரில் அது வேண்டாத விருந்தாளி.

பிறகு பாலித்தீன் சோதனை. இரண்டடிச் சதுரத் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் வைத்து ஒரு நாள் விட வேண்டும். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் மூச்சு விடுகிறது என்று அர்த்தம். ஜனவரி பாதி வரை வியர்த்தது. மேல் பாதி பிறகு காய்ந்தது. கீழ் மூன்றடி காயவே இல்லை. காயப்போவதும் இல்லை என்று ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

ஈரச் சுவருக்கு எது ஒட்டும் என்று மூன்று கட்டம் போட்டு வைத்தேன். ஒன்றில் பழைய எமல்ஷன், ஒன்றில் சிமெண்ட் பிரைமர் மேல் நீர்த்த எமல்ஷன், ஒன்றில் காவி கலந்த சுண்ணாம்பு. முதல் கட்டம் பத்தே நாளில் ஓரத்தில் தூக்கிக்கொண்டது. இரண்டாவது மூன்று வாரம் தாங்கி அதுவும் தூக்கியது. சுண்ணாம்பு சும்மா இருந்தது. சுண்ணாம்பு சுவருக்குத் தோல் போர்த்துவதில்லை, தண்ணீர் ஆவியாகப் போக வழி விடுகிறது. இன்னொன்று, அது காய்ந்து இறுகுவது வெறும் உலர்வால் அல்ல. காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் திரும்பக் கல்லாகிறது, அதற்கு ஈரம் வேண்டும். எமல்ஷன் டப்பாவில் பத்து டிகிரிக்குக் கீழே அடிக்காதே, ஈரக்காற்றில் அடிக்காதே என்று போட்டிருக்கும். அதை நம்பி செப்டம்பரில் மஞ்சு எப்போது விலகும் என்று நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். இப்போது மஞ்சு இறங்கினால் பையனிடம் "சீக்கிரம் வா, நல்ல நேரம்" என்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலப் படத்துக்கு அடியில் சோழர் காலப் படம் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931-ல் கண்டுபிடித்தார். சுண்ணப் பூச்சில் ஏறிய வண்ணம் தொள்ளாயிரம் வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறது. இதை என்னிடம் சொல்லாத ஆளில்லை. ஆனால் அது கருவறையைச் சுற்றிய இருட்டு அறையில் இருக்கிறது, என் சுவர் மினிபஸ் சேறடிக்கிற ரோட்டோரம். நம்மூர்ப் பக்கமே கரிக்கையூரில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. அங்கே எனக்குப் பிடித்தது படத்தைவிட இடத் தேர்வு. மேலே பாறை குடை பிடிக்கிற இடம் பார்த்து வரைந்திருக்கிறார்கள். எனக்குச் சுவரை மற்றவர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள்.

சுண்ணாம்பை டிரம்மில் தண்ணீர் நிற்க ஊறவிட்டு, பதினைந்து நாள் கழித்துத் துணியில் வடிகட்டிப் பால் பதத்துக்குக் கரைத்தேன். பெயர்த்த இடங்களை ஒட்டப் போட்ட சுண்ணக் கலவைக்கு மட்டும் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். இந்த வெல்லம் ஒரு தனிக்கதை. ஐந்து கிலோ வாங்கி, சாமான் வைத்திருந்த தகரக் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தேன். கோத்தகிரியில் கரடிக்குப் பேக்கரி தெரியும், கோயில் விளக்கு எண்ணெய் தெரியும், என் கொட்டகை தெரியாதா? காலையில் போனால் கதவு நெளிந்து கிடந்தது, வெல்லம் காகிதத்தோடு இல்லை, கடுக்காய்ப் பை தொடப்படாமல் ஓரமாகக் கிடந்தது. கசப்பு. அதன் பிறகு வெல்லம் டீக்கடை அக்கா வீட்டுப் பரணில்.

வண்ணம் கலப்பதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. சுண்ணாம்பில் எல்லாப் பொடியும் நிற்காது. பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பின் காரத்தில் செத்துப் பழுப்பாகிவிடும். நிற்பவை காவி, மஞ்சள் காவி, கறுப்பு ஆக்சைடு, குரோமியப் பச்சை, அல்ட்ராமரின் நீலம். அதுவும் சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பொடி சேர்த்தால் கையில் ஒட்டிக்கொண்டு வரும். அதைவிடத் தொல்லை, ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். பிரஷ் வைக்கும்போது அடர் பச்சை, கொஞ்சம் கண்ணாடி போல அடியில் இருப்பது தெரியும். மறுநாள் வந்து பார்த்தால் மோர் ஊற்றிய பச்சை. முதல் மரம் அப்படித்தான் பேய் மாதிரி வெளுத்தது. பிறகு ஓட்டுத் துண்டுகளில் ஒவ்வொரு கலவையையும் தீற்றி, எண் போட்டு, அக்காவின் டீ அடுப்போரம் அடுக்கிக் காயவைத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு ஓட்டுத் துண்டு. வரையும்போது கண் சொல்வதை நம்பாமல் ஓட்டுத் துண்டை நம்பிப் பிரஷ் வைக்கப் பழகுவதற்குள் பாதிச் சுவர் முடிந்திருந்தது. முதலில் தண்ணீர் தெளித்து, பால் மாதிரி மெல்லியதாக ஒரு கை. மறுநாள் திரும்ப ஈரமாக்கி அடுத்தது. ஐந்து கை. மார்ச் வெயில் ஏறினால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மறைத்தோம். விட்டால் சட்டென்று காய்ந்து பொடிந்துவிடும். கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரும் இதில் இறங்காதீர்கள். பையன் ஒரு நாள் அலட்சியமாக இருந்து விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனான்.

சிவப்புக்கு வழியே இல்லை. காட்டுப்பூவரசு பூத்திருக்கிற மாதிரி இரண்டு மரம் வேண்டும், அந்தப் பூ இரத்தச் சிவப்பு. பளிச்சென்ற சிவப்புப் பொடிகள் சுண்ணாம்பில் நிற்காது. நின்றாலும் மலை வெயில் தின்றுவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் போலக் கூடும் என்பது கணக்கு. அப்பா எழுதிய கடை போர்டுகளில் எல்லாம் முதலில் போனது சிவப்பு எழுத்துதான். கையில் இருப்பதோ செங்கல் நிறக் காவி. அதையே போட்டு, சுற்றிலும் இலைகளைச் சாம்பல் கலந்த மங்கிய பச்சையாக்கினேன். பச்சையை மட்டுப்படுத்த மட்டுப்படுத்த, காவி தானாக எழுந்து வந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் செங்கல்தான், பஸ்ஸிலிருந்து பார்த்தால் பூ.

பஸ் என்றதும் சொல்ல வேண்டியது, இந்தச் சுவரைத் தள்ளி நின்று பார்க்க இடமே கிடையாது. ரோடு பதினான்கு அடி, அந்தப் பக்கம் பள்ளம். சாரம் கட்ட அனுமதி இல்லை. இரண்டு ஸ்டூல், நடுவில் பலகை, ஹார்ன் கேட்டால் எல்லாவற்றையும் மடக்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது ஒட்டியிருப்போம். அளவு எடுக்கக் கட்டம் போட்டு நூலடிப்பதும் முடியவில்லை, ஈரத்தில் சாக்பீஸ் கோடு கரைந்தது. அதனால் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளிடம் கரித்துண்டைக் கொடுத்துச் சுவர் முழுக்க இஷ்டத்துக்குக் கிறுக்கச் சொன்னேன். அந்தக் கிறுக்கலோடு சுவரைப் படம் பிடித்து, போனில் அதன் மேல் என் வரைபடத்தைப் பொருத்தினால், எந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்தில் எந்தக் கிளை என்று கண்டுபிடித்து வரையலாம். ஊர் இரண்டு நாள் என்னைப் பைத்தியம் என்றது. பிள்ளைகள் அவரவர் இனிஷியல் எங்கே போயிற்று என்று இன்னும் தேடுகிறார்கள். ஒன்று மட்டும் மூன்றாவது மரத்தின் பட்டைக்குள் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

தூரத்துப் பார்வையை எனக்குத் தந்தவர் மினிபஸ் டிரைவர். "அக்கா, நாலாவது மரம் ஒல்லி. மேல ஏறும்போது குச்சி மாதிரி தெரியுது." எனக்குச் சுவர் நேர் எதிரே இருந்தது. அவருக்கும் பயணிகளுக்கும் அது சரிவாக, ஓரக்கண்ணில் ஓடுகிறது. சரிவாகப் பார்த்தால் அகலம் சுருங்கும். எல்லா அடிமரத்தையும் மூன்றில் ஒரு பங்கு பருக்கவைத்தேன். இப்போது நேரே நின்று பார்த்தால் கொஞ்சம் தொந்தி போட்ட மரங்கள், பஸ்ஸிலிருந்து சரியான மரங்கள். நேரே நின்று யாரும் பார்க்கப் போவதில்லை, நின்றால் பஸ் இடிக்கும்.

நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி தொடங்குவதற்கு நாலு நாள் முன்னால் முடித்தோம்.

அதற்குப் பிறகு ஒரு முழு வடகிழக்கு மழை அடித்து ஓய்ந்துவிட்டது. கொப்புளம் ஒன்று இல்லை. தரையிலிருந்து ஒரு அடிக்குச் சக்கரச் சேறு பட்டுச் சுண்ணாம்பு பொடிந்திருக்கிறது. வருடம் ஒரு தடவை அந்தப் பட்டையை மட்டும் புதுப்பிக்க வேண்டியிருக்கும், இரண்டு நாள் வேலை. பூவில் காவி சில இடத்தில் தோளில் உரசினால் சட்டையில் ஒட்டுகிறது, பொடி கொஞ்சம் கூடிவிட்டது என்று நினைக்கிறேன். மூன்றாவது, ஐந்தாவது மரங்களில் பாசி நான் போட்ட பச்சையைத் தாண்டி ஏறிவிட்டது. எட்டாவது பொந்துக்குப் பக்கத்தில் ஒரு நீலகிரிச் சிரிப்பான் பறவையை உட்காரவைத்திருந்தேன். பைப் வாயில் உண்மையான பெரணி ஒன்று முளைத்து அதன் கண்ணை மறைக்கிறது. பிடுங்க மனசில்லை.

ஏழாவது பைப்பில் மட்டும் இந்த மழை முழுக்க ஒரு சொட்டு வரவில்லை. அந்த மரம்தான் படத்திலேயே சுத்தமாக, வரைந்த அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது. பார்க்கிறவர்கள் அதைத்தான் பாராட்டுகிறார்கள். கொத்தனார் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை கம்பியோடு வருகிறேன் என்றார்.